கம்பெனி நல்ல கம்பெனி, மேனேஜர் மட்டும் சரியில்லை. என்ன செய்யலாம்?

சம்பளம், லீவு, மரியாதை எல்லாம் சரியாக இருக்கிற கம்பெனி, ஒரே ஒரு மேனேஜர் மட்டும் நாலு பேர் முன்னால் அசிங்கப்படுத்துகிறார், விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன், இது எனக்கும் நடந்தது.

எங்கள் முதலாளியைக் குறை சொல்ல முடியாது. குன்னூர் ஏலத்தில் தூள் விலை போகாத வருஷத்தில்கூட தீபாவளி போனஸ் நின்றதில்லை, மழை ராத்திரியில் ஷிப்ட் முடிந்தால் ஜீப்பில் வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுவார்கள். சிக்கலே அதுதான். புதிதாக வந்த மேனேஜரைப் பற்றி யாரிடம் சொன்னாலும் "இவ்வளவு நல்ல எடத்துல இருந்துட்டு இதுக்குப் போய் மூஞ்சத் தூக்குறியே" என்பார்கள், அம்மாவும் அதையேதான் சொன்னார், அப்புறம் நானே எனக்குச் சொல்லிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

தூளாக்கும் முன் கொழுந்தைத் தொட்டியில் பரப்பி ஃபேன் காற்றில் வாட விடுவோம். ஒரு நாள் கொழுந்து வாடவில்லை. மூன்று நாள் விடாத மழை, தண்ணீர் சொட்டச் சொட்ட வந்த கொழுந்து, ஃபேனை எவ்வளவு ஓட்டினாலும் நேரம் எடுக்கும், அவருக்கும் தெரியும். தொட்டியிலிருந்து ஒரு கை அள்ளிவந்து என் ரிஜிஸ்டர் மேல் கொட்டி "கண்ண எங்க வெச்சிருந்த?" என்றார். கொழுந்து இறக்க வந்த டிரைவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். அன்றைய எடைக் கணக்கு முழுக்க மை பரவிவிட்டது.

சட்டம் என்று பார்த்தால், பாலியல் தொல்லைக்கு 2013 சட்டம் இருக்கிறது, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அந்தப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு கட்டாயம். வெறுமனே கத்துவதற்கும் மட்டம் தட்டுவதற்கும் தனிச் சட்டம் இல்லை. 20 தொழிலாளர்கள் இருந்தால் குறைதீர்க்கும் குழு வைக்க வேண்டும், அதில் முதலாளி, தொழிலாளி இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். எங்கள் குழு காகிதத்தில் மட்டும்தான் இருந்தது.

எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, நேரம், அவர் சொன்ன அதே வார்த்தை, பக்கத்தில் யார் நின்றார்கள், அவ்வளவுதான். "கெட்டவர்", "திமிர் பிடித்தவர்" என்று ஒரு வரிகூட எழுதவில்லை (ஆசை இருந்தது). மூன்று பேராகப் போய் முதலாளியிடம் கொடுத்தோம். அவமானக் கதையைப் படிக்கும்போது சும்மாதான் இருந்தார். டிரையரில் சூடு ஏறியதைச் சொன்னால் மேனேஜரிடம் திட்டு விழும் என்று அதை ஓட்டும் அண்ணன் வாயைத் திறக்காமல் இருந்து ஒரு லாட் தூள் கருகிய பக்கம் வந்ததும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்து, "இத ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார். மேனேஜரை வேலையைவிட்டு எடுக்கவில்லை. குன்னூர் ஆபீசில் ஏல வேலைக்கு மாற்றினார். அதற்குள் எங்களில் ஒரு பையன் திருப்பூருக்கே போய்விட்டான்.

நோட்டை ஆபீஸ் டிராயரில் வைக்காதீர்கள். என் முதல் நோட்டு அங்கேதான் காணாமல் போனது.