ஜாக்கெட் பிட்டில் போர்வை தைக்கலாமா?

கேள்வி: ஆடித் தள்ளுபடியில் சேலையுடன் இலவசமாகத் தந்தது, கொலுவுக்குப் போன வீடுகளில் வைத்துக்கொடுத்தது என்று அறுபது ஜாக்கெட் பிட் சேர்ந்துவிட்டது. துணிக்கடைப் பைகளும் ஒரு கட்டு இருக்கிறது. எல்லாவற்றையும் கொடுத்தால் ஒட்டுப்போட்டு, பஞ்சு வைத்துப் போர்வையாகத் தருவதாகத் தையல் கடையில் சொல்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: எல்லாவற்றையும் கொடுக்காதீர்கள். ஒரு போர்வைக்கு எட்டு பிட் போதும். 80 செ.மீ. நீளம், 90 செ.மீ. அகலம் உள்ள பிட்டில் 17 செ.மீ. சதுரம் இருபது வரும். தையலுக்குப் போக ஒவ்வொன்றும் 15 செ.மீ. நிற்கும். ஒற்றைக் கட்டில் போர்வைக்கு நூற்றைம்பது சதுரம், அவ்வளவுதான்.

எந்த எட்டு என்பதில்தான் விஷயம். இலவசப் பிட்டுகளில் பாலியஸ்டர் கலந்தது நிறைய. ஓரத்தில் ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிந்த வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, கறுப்பு மணியாக இறுகிவிடும். பருத்தியை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றையும் தனியாக நனைத்துக் காயவையுங்கள். நான் இதைச் செய்யாமல் ஒரு அரக்குப் பிட்டைச் சேர்த்துத் தைக்கக் கொடுத்தேன். முதல் துவையலிலேயே பக்கத்துச் சந்தன நிறச் சதுரங்களெல்லாம் ரோஜா நிறமாகிவிட்டன. அந்தப் போர்வையை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

பைகளில் காடாத் துணி மஞ்சப்பை மட்டும் ஆகும். துணி போலவே தெரியும் நெய்யாத பைகள் பாலிப்ரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக். இஸ்திரி பட்டால் உருகும், வியர்வையை உறிஞ்சாது. குழந்தை போர்த்தும் போர்வையில் அது வேண்டவே வேண்டாம்.

அப்புறம், சென்னைக்குப் பஞ்சு எதற்கு? நடுவில் பழைய நூல் சேலை ஒன்றை மடித்து வைக்கச் சொல்லுங்கள். மார்கழிக்கும் தாங்கும், வீட்டு மெஷினிலேயே துவைக்கலாம். அடித்துணி வாங்க வேண்டுமென்றால் பாரிமுனை கோடவுன் தெருவில் விலை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

முதலில் ஒரே ஒரு போர்வை கொடுங்கள். பிட் எண்ணிக்கை, அளவு, உள்ளே என்ன வைப்பார்கள், கூலி, தரும் தேதி எல்லாம் ரசீதில் இருக்கட்டும். மீதித் துணியும் திரும்ப வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள், அது உங்களுடையது. கூலி வாங்கிக்கொண்டு தைப்பதும் நுகர்வோர் சட்டப்படி சேவைதான். சொன்னபடி தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம்.