ஏழைக் குழந்தைகளின் பல் சிகிச்சைக்கு உதவ நினைக்கிறேன். எதற்குக் கொடுத்தால் உண்மையிலேயே பயன்படும்?

நான் பல் மருத்துவர் இல்லை. ஒரு தொண்டு அமைப்பு பள்ளிகளில் நடத்தும் பல் முகாம்களில் சில வருஷமாக எடுபிடி வேலை செய்கிறேன். பெயர் எழுதுவேன், பிள்ளைகளை வரிசையில் உட்கார வைப்பேன், நாற்காலியில் ஏறப் பயந்து அழுகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்வேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: முகாமைவிட, முகாம் முடிந்தபின் நடக்க வேண்டியதற்குக் கொடுங்கள்.

ஒரு முகாமில் ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒருத்தி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தலையை வலது பக்கம் நன்றாகச் சாய்த்து, அந்தக் கன்னத்திலேயே தண்ணீரை வைத்து விழுங்கினாள். "அவ எப்பவும் அப்படித்தாங்க குடிப்பா" என்றார் அம்மா. டாக்டர் வாயைத் திறந்து பார்த்தால், இடது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் சொத்தை, ஒன்றின் ஈறில் சீழ்க்கொப்புளம். மருத்துவமனைக்குப் போகச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அதே பள்ளிக்குப் போனோம். நாலாய் மடித்த அதே சீட்டோடு வந்து நின்றாள்.

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தினக்கூலி. சிகிச்சை இலவசம்தான், ஆனால் ஒருநாள் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. இந்த மாதிரிப் பல்லுக்கு ஒரு தடவை போனால் முடியாது, இரண்டு மூன்று தடவை போக வேண்டும். பஸ் காசு வேறு.

"பால்பல்தானே, விழுந்துடும்" என்பதை எல்லா முகாமிலும் கேட்கிறேன். முன்பல் ஆறேழு வயதில் விழும். ஆனால் பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. அதுவரை வலியோடு எப்படிச் சாப்பிடும், எப்படித் தூங்கும், வகுப்பில் எப்படி உட்காரும்? சீழ் அடியில் வளரும் நிரந்தரப் பல்லையும் கெடுக்கலாம். இன்னொன்று, பல பெற்றோருக்குத் தெரியாதது: ஆறு வயதுவாக்கில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் அது வருவதால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல் முளைத்த சில வருஷத்திலேயே சொத்தையாகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கைப்படி பால்பல் சொத்தை உள்ள குழந்தைகள் சுமார் 51.4 கோடி. இத்தனைக்கும் இதைத் தடுக்கப் பெரிய கருவி தேவையில்லை. பல்லைச் சொத்தையிலிருந்து காக்கும் பூச்சான ஃபுளூரைடு வார்னிஷை வருஷத்துக்கு இரண்டு முறை பல்லில் தடவச் சில நிமிஷம் போதும். கடைவாய்ப் பல்லின் பள்ளங்களைச் சீலன்ட் என்ற மெல்லிய பூச்சு போட்டு மூடலாம். சில்வர் டையமின் ஃபுளூரைடு என்ற திரவம், ஊசியோ டிரில்லோ இல்லாமல் பல சொத்தைகளை மேற்கொண்டு பரவாமல் நிறுத்திவிடும். தடவிய இடம் கறுத்துப்போகும் என்பதை மட்டும் பெற்றோரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்துவிட்டு, கிளாஸ் அயனோமர் சிமென்ட் என்ற பல் அடைக்கும் பொருளால் அடைக்கலாம், மின்சாரம் இல்லாத வகுப்பறையிலும் முடியும். இவற்றில் சிலவற்றை அந்த நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

ஆகவே பணம் கொடுக்குமுன் அமைப்பிடம் கேளுங்கள்: போன வருஷம் சீட்டு வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள்? ஆறு மாதம் கழித்து அதே பள்ளிக்குத் திரும்ப வருவீர்களா? போக்குவரத்துச் செலவு யாருடையது? எத்தனை பேரைப் பரிசோதித்தோம் என்ற எண்ணிக்கையை மட்டும் காட்டினால், நான் வேறு இடம் பார்ப்பேன்.

பிரஷ் கொடுப்பதானால் வீட்டில் உள்ள எல்லாருக்கும் கொடுங்கள். மூன்று பிள்ளைகள் ஒரே பிரஷ்ஷில் தேய்க்கும் வீடுகள் உண்டு. பேஸ்ட்டில் ஃபுளூரைடு 1000 பிபிஎம்மாவது (பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு) இருக்கட்டும். மூன்று மாதத்தில் பிரஷ் தேய்ந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பணம் இல்லையென்றால் நேரம் கொடுங்கள். அம்மாவுக்கு முந்தின நாள் போன் பண்ணி நினைவுபடுத்த ஆள் வேண்டும், மருத்துவமனையில் கூட நிற்க ஆள் வேண்டும். ஒன்றே ஒன்று, யாரையும் கடிந்து பேசாதீர்கள். "இப்படி வர்றவரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று எங்கள் தன்னார்வலர் ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார். அந்த அம்மா பிள்ளையை இழுத்துக்கொண்டு போனவர்தான், திரும்ப வரவேயில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

சீட்டோடு வந்த பிள்ளையை நாங்களே மூன்று முறை கூட்டிப்போனோம். ஒரு பல்லைப் பிடுங்க வேண்டியதாகிவிட்டது, அந்த இடம் மூடிவிடாமல் இருக்கக் கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னொன்றை அடைத்துக் காப்பாற்றினார்கள். ஆறு வயதுப் பற்களுக்குச் சீலன்ட் போட்டாயிற்று. அடுத்த மாதம் பரிசோதனை இருக்கிறது, நான்தான் கூடப் போகிறேன்.