30 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு கிட்னி பாதிப்பு வருமா என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

கேட்டவர் தண்டையார்பேட்டைக்காரர். அக்காவுக்கு 30 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. குழந்தை 1.2 கிலோ, என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறது. இரண்டாம் நாள் எடுத்த கிரியாட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு) 0.9. 'கிட்னிக்கு ஏதாவது ஆகுமா, முன்பே தெரிந்துகொள்ள டெஸ்ட் கிடையாதா?' என்கிறார்.

ஒரே டெஸ்ட்டில் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் குழந்தைக்கு வர வாய்ப்பு அதிகம் என்று ஓரளவு கணிக்கலாம். நான் டாக்டர் இல்லை, வடசென்னையில் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் ஸ்டாஃப் நர்ஸ். அங்கே பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த 0.9. அதில் ஒரு பங்கு உங்கள் அக்காவுடையது. கிரியாட்டினின் நஞ்சுக்கொடி வழியாகப் போய்வரும், அதனால் பிறந்தவுடன் குழந்தையின் ரத்தத்தில் தாயின் அளவுதான் இருக்கும். நிறைமாதக் குழந்தைக்கு அது சில நாட்களில் இறங்கிவிடும். குறைமாதக் குழந்தைக்கு முதல் இரண்டு மூன்று நாள் கொஞ்சம் ஏறி, அப்புறம் மெதுவாக இறங்குவதும் உண்டு. ஆகவே ஒரு எண்ணைப் பார்த்து அழ வேண்டாம், அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். 48 மணி நேரத்தில் 0.3 கூடினாலோ, அதுவரை வந்த குறைந்த அளவைப் போல ஒன்றரை மடங்கு ஆனாலோதான் கிரியாட்டினினை வைத்து திடீர் சிறுநீரகப் பாதிப்பு என்று கணக்கு.

சிக்கல் என்னவென்றால், கிட்னி அடிபட்டு ஓரிரண்டு நாள் கழித்துத்தான் கிரியாட்டினின் ஏறும். சரி, தினமும் எடுத்துப் பார்க்கலாமே என்றால், 1 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 80, 90 மில்லிதான். ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். இன்னொன்று, மஞ்சள் காமாலை அதிகமாக இருந்தால் பழைய முறையில் பார்க்கும் லேபில் கிரியாட்டினின் உண்மையைவிடக் குறைவாகக் காட்டலாம். இன்று ஒரு லேப், நாளை ஒரு லேப் என்று மாற்றி ஒப்பிட்டால் குழப்பம்தான் மிச்சம்.

அதனால் நாங்கள் அதிகம் நம்புவது டயப்பரை. நனைந்த டயப்பரை எடை போட்டு, காலி டயப்பரின் எடையைக் கழித்தால் 1 கிராமுக்கு 1 மில்லி சிறுநீர். முதல் நாளை விட்டுவிடுங்கள், அன்று குறைவாகப் போவது சகஜம். அதற்குப் பிறகு கிலோவுக்கு மணிக்கு 1 மில்லிக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கை. உங்கள் குழந்தைக்கு அது ஒரு நாளைக்கு 29 மில்லி. குழந்தையைச் சூடாக வைக்கும் வார்மரின் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும் என்பதால் உடனே எடை போட வேண்டும். இதில் எங்களுக்குப் பெரிய எதிரி பாசமான பாட்டிகள்தான்! காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பாட்டி, கங்காரு பராமரிப்புக்காக (தாயின் நெஞ்சோடு அணைத்து வைப்பது) குழந்தையை நாங்கள் அவர் மகளிடம் கொடுத்த நேரத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய வேட்டித் துணியைக் கட்டி, நனைந்ததும் அலசிக் காயவும் போட்டுவிட்டார். அன்றைய கணக்கு அம்போ. டயப்பரைத் தூக்கிப் போடாமல் சிஸ்டரிடம் கொடுங்கள், அது போதும்.

ஆனாலும், சிறுநீர் நன்றாகப் போகும்போதே கிட்னி பாதிக்கப்படுவது பச்சிளங்குழந்தைகளிடம் உண்டு. அதனால்தான் எண்கள் மாறும் முன்பே ஆபத்துக் காரணங்களைப் பார்க்கிறார்கள்: பிறந்ததும் மூச்சுத் திணறல், ரத்தத்தில் கிருமித் தொற்று, இதயக் கோளாறு, பிரஷர் ஏற்றும் மருந்து, கிட்னியைப் பாதிக்கும் மருந்துகள். இந்திய என்ஐசியுக்களின் விவரங்களை வைத்தே 'ஸ்டார்ஸ்' என்று ஒரு மதிப்பெண் முறை வந்திருக்கிறது. இவற்றோடு கர்ப்ப வாரம், சிறுநீர், கிரியாட்டினின் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்கிறது. இப்போது கம்ப்யூட்டர் கணிப்பும் பேசப்படுகிறது. ஆனால் ராத்திரி டயப்பர் எடையை யாரும் எழுதாவிட்டால் எந்தக் கம்ப்யூட்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

என்னைக் கேட்டால் உருப்படியான வேலை மருந்தை எண்ணுவது. அமெரிக்காவில் அலபாமாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் 'பேபி நிஞ்ஜா' என்று செய்தார்கள். ஒரே நாளில் கிட்னியைப் பாதிக்கக்கூடிய மருந்து மூன்று போனாலோ, ஜென்டாமைசின் வகை கிருமிக்கொல்லி ஊசி நான்கு நாள் ஆனாலோ, தினமும் கிரியாட்டினின் பார்த்து, அந்த மருந்து இன்னும் தேவையா என்று யோசிப்பது. பாதிப்பு நன்றாகவே குறைந்தது. புது மெஷின் எதுவும் தேவைப்படவில்லை. உங்கள் டாக்டரிடமும் இதைத்தான் கேளுங்கள்: கிருமிக்கொல்லிகளான அமிக்காசின், வான்கோமைசின், பிறந்த பிறகும் மூடாமல் இருக்கும் இதயக் குழாயை மூட ஐபுப்ரோஃபென், இவற்றில் எது போகிறது, எத்தனையாவது நாள்?

கிட்னி பாதிப்பைப் பார்க்க என்ஜிஏஎல், சிஸ்டாடின் சி என்று வேறு டெஸ்ட்களை நெட்டில் படித்திருப்பீர்கள். என்ஜிஏஎல் சில மணி நேரத்திலேயே ஏறும், ஆனால் தொற்று இருந்தாலும் ஏறும். சிஸ்டாடின் சி தாயிடமிருந்து வராது, அது நல்ல விஷயம். டாக்டர் கேட்காமல் வெளி லேபில் காசு கட்டி எடுக்க வேண்டாம்.

எவ்வளவு சகஜம் என்றால், இந்தியா உட்பட நான்கு நாடுகளில் 2,022 என்ஐசியு குழந்தைகளை வைத்து நடந்த 'அவேக்கன்' ஆய்வில் (2017) சுமார் 30 சதவீதம் பேருக்கு இந்தப் பாதிப்பு இருந்தது. உங்கள் குழந்தை வரும் 29 முதல் 35 வாரப் பிரிவில் அது சுமார் 18 சதவீதம்தான்.

ஒருவேளை வந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியில் கிரியாட்டினின் எவ்வளவு வரை ஏறியது என்று எழுதி வாங்குங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்து பிரஷரும் கிரியாட்டினினும் பார்க்க வேண்டும். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகளுக்கான கிட்னிப் பிரிவு இருக்கிறது, உங்களுக்குத் தூரமும் இல்லை. அப்புறம், காய்ச்சல் என்று தெருமுனை மெடிக்கலில் சிரப் வாங்கும்போது ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் கலந்தது வேண்டாம். குழந்தைக்கு மூன்று மாதம் ஆகவில்லை என்றால் காய்ச்சலுக்கு எந்த சிரப்பும் கொடுக்காமல் நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வாருங்கள்.