வெயில் நாள் கழிவு

அன்புள்ள அக்காவுக்கு,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியனாக இருக்கிறேன். தர்க்க அறிவையும், எதையும் ஆராய்ந்து பார்க்கும் பழக்கத்தையும் வளர்த்துக்கொள்வது எப்படி? நான் தினமும் சுடோகு போடுகிறேன். போனில் செஸ் விளையாடுகிறேன். போலித் தர்க்கங்களின் பட்டியல் ஒன்றை மனப்பாடம் செய்து, சக ஆசிரியர்கள் பேசும்போது கண்டுபிடித்துச் சொல்கிறேன். பிள்ளைகளுக்குப் புதிர்க் கணக்குப் புத்தகம் ஒன்றைச் செய்விக்கிறேன். பலன் தெரிகிறது. இம்முறை ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த நான்கு பேரும் அதைச் செய்த பிள்ளைகள்தான். ஆனால் பெற்றோரை என்ன செய்வது? யார் எதைச் சொன்னாலும் நம்புகிற சனம். நம் மக்களிடம் யோசிக்கும் பழக்கமே இல்லை. நல்ல புத்தகங்கள் சில சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

பெயரைப் போடவில்லை. போட்டிருந்தால் கடைசி வரிகளை வாசித்துவிட்டு அந்தப் பெற்றோர் உங்களைத் தேடி வந்திருப்பார்கள். நானும் கூட வந்திருப்பேன்.

சுடோகு போடுங்கள், செஸ் விளையாடுங்கள். நல்ல பொழுதுபோக்கு. அதற்கு மேல் அதில் எதிர்பார்க்காதீர்கள். ஏட்ரியன் ஓவன் என்ற மூளை ஆய்வாளரும் அவர் குழுவும் 11,430 பேரை ஆறு வாரம் கணினியில் மூளைப் பயிற்சி செய்யவைத்து, முடிவை 2010இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். பழகிய விளையாட்டுகளில் முன்னேற்றம் தெரிந்தது. பழகாதவற்றில், அவை கிட்டத்தட்ட அதே மாதிரியானவையாக இருந்தும்கூட, சொல்லும்படி முன்னேற்றம் இல்லை. போலித் தர்க்கப் பட்டியலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. உங்கள் ஆசிரியர் ஓய்வறையில் இருப்பவர்கள் பாவம்.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. கொஞ்ச நாளாகவே ஒரு பழைய சோதனை என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. 1966இல் பீட்டர் வேசன் என்ற பிரித்தானிய உளவியலாளர் எழுதியது. மேசையில் நான்கு அட்டைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரிவது ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7. ‘ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்று ஒருவர் சொல்கிறார். அது உண்மையா என்று பார்க்க எந்தெந்த அட்டையைப் புரட்ட வேண்டும்? படித்தவர்களிலும் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதிகம் பேர் புரட்டுவது உயிரெழுத்தையும் 4ஐயும். 4இன் பின்னால் என்ன இருந்தாலும் அவர் சொன்னது பொய்யாகாது. புரட்ட வேண்டியது உயிரெழுத்தும் 7உம். 7க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. சொன்னது சரி என்று காட்டக்கூடிய அட்டையை நோக்கித்தான் நம் கை தானாகப் போகிறது. பிழை என்று காட்டக்கூடியதைத் தொடுவதில்லை.

இதை வாசித்தபோது எனக்கு அப்பாயி ஞாபகம் வந்தார். கையெழுத்துப் போடத் தெரியாத மனுஷி.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது கொழுந்து நிறுக்கும்போது ஒவ்வொரு சாக்கிலும் கழிவு பிடிப்பார்கள். தண்ணிக் கழிவு என்பார் கணக்கப்பிள்ளை. இலையில் ஈரம் இருக்கிறது, ஈரத்துக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்பது நியாயம். பெண்கள் எல்லோரும் மழை நாளில்தான் சண்டை பிடிப்பார்கள். இவ்வளவு கழிக்கலாமா, அவ்வளவு கழிக்கலாமா என்று இடுப்பில் கட்டிய படங்கு நனைய நின்று கத்துவார்கள். அப்பாயி அதில் சேரமாட்டார். பள்ளிக்கூட விடுமுறையில் தேத்தண்ணி கொண்டுபோன என்னை நிறுவைக்குப் பக்கத்தில் நிறுத்திவைத்து, “மழையில கழிக்கிறத என்னத்த பாக்குறது? அன்னிக்கித் தண்ணி இருக்கும், கழிப்பாரு. காஞ்ச நாள்ல என்ன செய்யிறாருன்னு பாரு” என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: “காலை நெறுவைய எழுதாத. பனி கெடந்துச்சுன்னு சொல்லித் தப்பிச்சிருவாரு. பகல் நெறுவைய எழுது.”

மாசி, பங்குனி. வானம் வெளுத்துக் கிடக்கும். கொழுந்தும் குறைவு, கிலோ நிரம்பாது, இரண்டு கிலோ கழித்தால் முழுப்பேர் அரைப்பேராகி, முழுநாள் சம்பளம் பாதியாகிவிடும். நான் தராசு முள் எங்கே நின்றது என்று பார்த்துக் கொப்பியில் எழுதினேன். பக்கத்தில் துண்டில் விழுந்த எடையையும் எழுதினேன். உச்சி வெயிலில் நொறுங்குகிற மாதிரிக் காய்ந்த கொழுந்துக்கும் அதே கழிவு. கேட்டதும் கணக்கப்பிள்ளை சாக்கின் எடை என்றார். அப்பாயி கொழுந்தைக் கொட்டிவிட்டு வெறும் சாக்கை மடித்துக் கொக்கியில் மாட்டினார். முள் அசையப் பார்த்தது, அவ்வளவுதான்.

தம்பி, வேசனின் அட்டையைக் கொண்டுவந்து இதன் பக்கத்தில் வையுங்கள். ‘கழிவு இருந்தால் ஈரம் இருக்கும்’ என்பதுதான் கணக்கப்பிள்ளையின் பேச்சு. மழை நாள், 4 எழுதிய அட்டை. வெயில் நாள், 7. அதிலும் பனியைச் சொல்லி நழுவ முடியாதபடி காலையை விலக்கிவிட்டுப் பகலை எடுத்திருக்கிறார். பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பாடமே வைத்திருக்கிறார்கள்.

கழிவு நின்றதா என்று கேட்பீர்கள். வெயில் நாளில் குறைந்தது, மழை நாளில் கூடியது. நனைந்த கொழுந்தில் உண்மையில் எவ்வளவு தண்ணீர் என்று காட்ட அப்பாயியிடம் வழி இருக்கவில்லை.

இந்தச் சனத்தையா யோசிக்கும் பழக்கமே இல்லாதது என்கிறீர்கள்? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் தலையாட்டுகிறவர்கள் எல்லோரும் நம்புகிறவர்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? கேள்வி கேட்டவளுக்கு அடுத்த நாள் எந்த மலை கிடைக்கும் என்று கேட்காதவளுக்குத் தெரியும். 2021இல் தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு ஆயிரம் ரூபாய்ச் சம்பளம் வந்தபோது செய்தியில் ஆயிரம், ஆயிரம் என்றுதான் சொன்னார்கள். அது 900 ரூபாய்ச் சம்பளமும் 100 ரூபாய்ப் படியும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் முதலில் எழுந்த கேள்வி, எத்தனை கிலோ கொழுந்துக்கு என்பது. பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டிய பிறகு அந்தக் கேள்வியின் அருமை மற்றவர்களுக்கும் விளங்கியது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதைந்தபோதும், எச்சரித்தும் கேட்காத சனம் என்று உங்களைப் போலவே சிலர் பேசினார்கள். 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது உண்மைதான். லயத்தை விட்டு எழும்பிப் போவதற்குத் தங்கள் பெயரில் ஒரு துண்டு நிலம் இல்லாதவர்கள் அதைக் கேட்டு எந்த முடிவுக்கு வரவேண்டும்? அதைச் சொல்லிக்கொடுக்கும் சுடோகு எது?

சரி, கோபத்தை விடுகிறேன். அப்பாயியைத் தூக்கிவைக்கவும் நான் தயாரில்லை. தராசு முன்னால் அவ்வளவு கூர்மையாக நின்றவர், தொழிற்சங்கத் தலைவர் சொன்னதை ஒருநாளும் புரட்டிப் பார்த்ததில்லை. தலைவர் சொன்னால் சரி. சந்தா மாதாமாதம் சம்பளத்தில் பிடிபட்டது. அதற்கு என்ன கிடைத்தது என்று எழுதிவைக்க என்னிடம் கொப்பி கேட்கவில்லை. யோசிக்கும் திறமை ஒரே இடத்தில் பொதுவாக வளர்ந்து எல்லாவற்றுக்கும் வந்து உதவுவதில்லை. பொருளைத் தெரிந்திருக்க வேண்டும், பிழைத்தால் நமக்கு வலிக்கவும் வேண்டும். 1982இல் அமெரிக்காவில் கிரிக்ஸ், காக்ஸ் என்ற இருவர் அதே அட்டைச் சோதனையை மாணவர்களிடம் வேறு விதமாகக் கொடுத்தார்கள். பியர் குடிப்பவர் 19 வயதுக்கு மேல் இருக்க வேண்டும் என்பது விதி. பியர், கோக், 22 வயது, 16 வயது என்று நான்கு அட்டைகள். பெரும்பாலோர் பியரையும் 16ஐயும் சரியாகப் புரட்டினார்கள். எழுத்தும் எண்ணுமாக வந்தபோது யாருக்கும் சரிவராத கணக்கு, தெரிந்த விதியாக வந்ததும் விளங்கிவிட்டது.

இப்போது உங்கள் நான்கு பிள்ளைகள். புதிர்ப் புத்தகம் செய்து வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்தவர்களைச் சொல்லியிருக்கிறீர்கள். செய்தும் எடுக்காதவர்கள் எத்தனை பேர்? வகுப்பில் எல்லோரும்தானே செய்தார்கள்? அப்படியானால் எடுத்தவர்களும் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள், எடுக்காதவர்களும் செய்தவர்களாகத்தான் இருப்பார்கள். நீங்கள் மழையில் நின்று நிறுவை பார்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள், ராசா.

புத்தகப் பட்டியல் அனுப்பமாட்டேன். வகுப்பில் அட்டைகள் செய்யுங்கள். ஒன்று வேசனின் எழுத்தும் எண்ணும். மற்றது நம் கடைக் கொப்பி: கடனுக்குச் சாமான் எடுத்தால் கையெழுத்து வேண்டும். கடன், காசு, கையெழுத்து உண்டு, கையெழுத்து இல்லை. பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்தை முதலில் கொடுங்கள், மீதிப் பேருக்குக் கடைக் கொப்பியை முதலில் கொடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது சுலபமாகப் போனது முதலாவதில் பழகியதாலா என்று தெரியாமல் போகும். யார் எதைப் புரட்டினார்கள் என்பதோடு, ஏன் புரட்டினார்கள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோர் கூட்டம் வைக்கிற நாளில் அவர்களுக்கும் கொடுங்கள்.

அன்புடன்,
அக்கா