பேஸ்போல் பார்க்கப் பழகலாமா என்று கேட்ட தம்பிக்கு

வேலையிடத்தில் எல்லோரும் ரொறன்ரோவின் பேஸ்போல் அணியான ப்ளூ ஜேஸ் பற்றியே கதைக்கிறார்கள், நானும் பார்க்கப் பழகலாமா, ஆனால் 2027இல் ஆட்டமே நின்றுவிடும் என்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். ஊருக்குப் புதிதாக வந்தவருக்கு வேண்டிய குளிர் ஜாக்கெட், லைசென்ஸ் எல்லாம் உங்கள் ரொறன்ரோ நண்பர்களே சொல்லித் தருவார்கள். பேஸ்போலுக்கு நான் பதில் சொல்கிறேன்.

தாராளமாகப் பாருங்கள். இத்தனை வருடம் இங்கே இருந்தும் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரு வார்த்தை கதைக்காமல் இரவிரவாகக் கிரிக்கெட் மட்டும் பார்க்கிற எங்கட ஆட்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். மொன்றியலில் கோப்பை கழுவிய காலத்தில் எனக்குப் பிரெஞ்சு வந்ததே சமையல்காரரின் ரேடியோவில் அந்த ஊர் பேஸ்போல் அணியான எக்ஸ்போஸின் ஆட்டம் கேட்டுத்தான்.

ஆனால் சீசன் ரிக்கெற்றுக்கு மட்டும் முன்பணம் கட்டாதீர்கள். 1994இல் எக்ஸ்போஸ் 74 வெற்றி, 40 தோல்வி, லீக்கிலேயே முதலிடம். லாரி வாக்கர், பெட்ரோ மார்டினெஸ், மார்க்கீஸ் கிரிசம் எல்லாம் ஒரே அணியில். ஆகஸ்ட் 12ஆம் தேதி வீரர்கள் வேலைநிறுத்தம். முதலாளிகள் சம்பளத்துக்கு உச்சவரம்பு கேட்டார்கள், வீரர்கள் மறுத்தார்கள், செப்டம்பரில் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கிற உலகத் தொடரையே ரத்துச் செய்தார்கள். அடுத்த ஏப்ரலில் ஆட்டம் திரும்பியபோது காசில்லை என்று வாக்கரைப் போகவிட்டு, கிரிசம், வெட்டலாண்ட், ஹில் என்ற மூன்று வீரர்களையும் சில நாட்களுக்குள் வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டது நிர்வாகம். சனம் அதை மன்னிக்கவில்லை. 1995இல் லீக் முழுக்கச் சராசரிக் கூட்டம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, 1993இல் நாற்பது லட்சம் பேரைக் கண்ட உங்கள் ப்ளூ ஜேஸுக்கே முப்பது லட்சம் சேரவில்லை. மற்ற ஊர்களில் 1998இல் யார் கூடுதலாக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடிப்பது என்று நடந்த போட்டியைப் பார்க்கச் சனம் திரும்பி வந்தது. மொன்றியலில் வரவில்லை, 2005இல் அணியே வாஷிங்டனுக்குப் போய்விட்டது.

யார் பக்கம் நியாயம் என்று என்னைக் கேட்டால் வீரர்கள் பக்கம்தான், நானும் தொழிற்சங்கத்தில் இருந்தவன். ஆனால் மணித்தியாலச் சம்பளத்தில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போன தகப்பனை இரண்டு தரப்பும் நினைத்துப் பார்க்கவில்லை, அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வீரர்களுக்கும் முதலாளிகளுக்கும் இடையில் உள்ள இப்போதைய ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1 உடன் முடிகிறது. அதற்கு முன் வேலைநாள் ஒன்றில் மேல்மாடி இருக்கைக்கு ரிக்கெற் எடுத்து, வேலையிடத்துப் பெடியளோடு போய்ப் பாருங்கள்.