எப்படிச் செத்தீர்கள்?

அன்புள்ள ஐயா,

‘செகிரோ’ என்ற வீடியோ கேமின் இறுதி எதிரியான இஷினிடம் மூன்று வாரங்களாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன். எண்ணி வைத்திருக்கிறேன், நேற்றோடு 214 முறை. விடிய விடிய விளையாடிவிட்டு அலுவலகத்தில் தூங்கி வழிகிறேன். இவ்வளவு பணமும் நேரமும் செலவழித்த பிறகு விட்டுவிடுவது கோழைத்தனமா? நண்பர்கள் சிரிக்கிறார்கள். எதிரியின் பலத்தைக் குறைக்கும் மாட் (விளையாட்டை மாற்றியமைக்கும் நிரல்) போட்டுக்கொள்வது ஏமாற்று வேலையா? தயங்கினால் தோல்விதான் என்று இஷினே சொல்கிறார். எப்போது நிறுத்த வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

வி.

அன்புள்ள வி.,

பணம் போனது போனதுதான்; நீங்கள் இஷினை வென்றாலும் அது திரும்பி வராது. நண்பர்கள் சிரிக்கட்டும். மாட் போடுவது உங்கள் வீட்டில், உங்கள் கணினியில் நீங்கள் செய்துகொள்ளும் காரியம். அதற்கு என் அனுமதி எதற்கு? இஷினின் வாக்கை வேதமாக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. அவர் அதைச் சொல்வது வாளோடு எதிரே நிற்பவனிடம். அதிகாலை மூன்று மணிக்குக் கண்ணெரிச்சலோடு உட்கார்ந்திருப்பவனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

அதைவிடப் பெரிய எரிச்சல், 214 என்று துல்லியமாக எழுதத் தெரிந்த உங்களுக்கு அவற்றில் ஒரு முறையாவது எப்படிச் செத்தீர்கள் என்று எழுதத் தோன்றவில்லை என்பது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் தன் வீட்டு முன்னறையில் இரண்டு டிவிகளை வைத்து, வீடியோ கேமை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பித்துப் பிடித்திருந்தது ‘கான்ட்ரா’ மீது. மூன்று உயிர்கள், ஒரு குண்டு பட்டாலே ஓர் உயிர் போய்விடும். மூன்றாவது கட்டம் அருவி. பாறைப் படிகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். நான் அங்கேயே வாரக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தேன். நேரம் முடிந்ததும் அண்ணன் சுவிட்சை அணைப்பார், நான் இன்னும் அரை மணி நேரம் கேட்பேன். காசு கையில் இருந்தாலும் உடனே தரமாட்டார். “எப்படிடா செத்த?” என்பார். “குண்டு பட்டுச்சுண்ணே” என்பேன். “எந்தக் குண்டு?” எனக்குத் தெரியாது. தெரியாதவன் ஓரமாக உட்கார்ந்து அடுத்தவன் விளையாடுவதைப் பார்க்க வேண்டும் என்பது அந்த அறையின் சட்டம். அழுதிருக்கிறேன்.

அப்படி உட்கார வைக்கப்பட்ட ஒரு நாளில்தான் கண்டேன், என்னைக் கொன்றது குண்டே அல்ல. நாம் ஏற ஏறத் திரையும் மேலே நகர்கிறது. திரையின் கீழ் விளிம்புக்குப் போய்விட்ட படி அதன் பிறகு கிடையாது. சற்று முன்பு நின்ற படிதானே என்று நம்பிக் கீழே இறங்கினால் சாவு. குண்டுகளுக்குப் பயந்து நான் ஒவ்வொரு முறையும் கீழேதான் இறங்கிக்கொண்டிருந்தேன். கையில் கன்ட்ரோலர் இருந்தவரை அது என் கண்ணில் படவேயில்லை.

இன்று உங்கள் அறையில் சுவிட்சை அணைக்க அந்த அண்ணன் இல்லை. செத்த சில நொடிகளில் விளையாட்டு உங்களை மறுபடி எழுப்பி நிறுத்திவிடுகிறது. ஆகவே கேள்வியை நீங்களேதான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஈட்டியை இஷின் நீட்டியபோது முன்கூட்டியே குதித்துவிட்டேன், கடைசிக் கட்டத்தில் மின்னலை அந்தரத்தில் வாங்கியும் கால் தரையில் படுவதற்குள் திருப்பி வீசவில்லை என்று சொல்ல முடிகிறதா? முடிந்தால் 214 அல்ல, 400 முறைகூடச் சாகலாம். “தெரியவில்லை, எப்படியோ செத்தேன்” என்ற பதில் அடுத்தடுத்து மூன்று முறை வந்தால், அப்போதே கன்ட்ரோலரைக் கீழே வையுங்கள். அதன் பிறகு நீங்கள் பயிற்சி செய்வது தவறைத்தான்.

செகிரோவில் இது இன்னும் பொருந்தும். ஜப்பானிய விளையாட்டு வடிவமைப்பாளர் மியாசாகியின் குழு 2019-இல் வெளியிட்ட இந்த விளையாட்டில் எதிரியின் உயிரைக் குறைப்பதைவிட அவரை நிலைகுலைய வைப்பதுதான் முக்கியம். வாள் வந்து விழும் கணத்தில் தட்டிவிடத் தட்டிவிட அவர் குலைவார், நாம் விலகிப்போய் மூச்சு வாங்கினால் அவரும் தேறிவிடுவார். அதே விளையாட்டில், கோட்டை உச்சியில் நிற்கும் கெனிசிரோ என்ற எதிரியிடம் ஒன்பது இரவுகள் தோற்றேன். பத்தாம் நாள் ஓரமாக உட்கார்ந்து, நானே பதிவு செய்திருந்த ஆட்டத்தைப் போட்டுப் பார்த்தேன். பின்வாங்கிக்கொண்டே இருந்தேன், தம்பி. முப்பது வருடங்கள் கழித்தும் அதே அருவியில் கீழே இறங்கிக்கொண்டிருந்தேன்.

ஓய்வுக்கும் ஓர் அளவு உண்டு. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், விரல்களால் ஒரு வரிசையைத் தட்டப் பழகியவர்கள் ஓர் இரவு தூங்கி எழுந்தபோது, இடையில் பயிற்சி எதுவும் இல்லாமலே, அவர்களுடைய வேகம் சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. உங்களுக்குத் தேவை அந்த ஓர் இரவு. நான் ஒருமுறை இரண்டு மாதம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, வாசலில் நிற்கும் சாதாரணச் சிப்பாயிடம் செத்தேன். அதே குழுவின் ‘எல்டன் ரிங்’ விளையாட்டில் வரும் மலேனியா என்ற எதிரியை நான் வென்றதே இல்லை, இனி முயலவும் போவதில்லை, அவள் வாள் என் கேடயத்தில் பட்டால்கூட அவளுக்கு உயிர் கூடுகிறது, அவளைத் தொடாமலே கதையும் முடிந்துவிடுகிறது. எப்படிச் செத்தேன் என்று எனக்கு நன்றாகவே தெரியும். திருத்திக்கொள்ளும் ஆசைதான் இல்லை.

இன்றிரவு தூங்குங்கள். அடுத்த கடிதத்தில் எண்ணிக்கை வேண்டாம். கடைசியாக எப்படிச் செத்தீர்கள் என்று எழுதுங்கள்.