ட்யூபை எப்போது எடுப்பீர்கள்? ஆஸ்பத்திரித் தொற்று பற்றி வாசகர் கேள்விகள்

வார்டு வாசலில் இருக்கும் சானிட்டைசரை ஒரு சொட்டு தடவினால் போதுமா?

போதாது. உள்ளங்கைக் குழி நிறைய, சுமார் 3 மி.லி. எடுங்கள். விரல் இடுக்கு, கட்டைவிரல், நகக்கண் எல்லாம் நனைய 20, 30 விநாடி தேயுங்கள். கை தானாகக் காய வேண்டும். புடவைத் தலைப்பில் துடைத்தால் தேய்த்தது வீண். அந்த அறையில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் சானிட்டைசரை நம்ப வேண்டாம். அதை உண்டாக்கும் சில கிருமிகள் ஆல்கஹாலுக்குச் சாகாது. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான், 40 முதல் 60 விநாடி.

நர்ஸ் கையுறை போட்டிருக்கிறார். பிறகு கை எதற்குக் கழுவ வேண்டும்?

போடும் முன்பும் கழற்றிய பின்பும் கழுவ வேண்டும். பக்கத்துக் கட்டிலில் வேலை பார்த்த அதே கையுறையோடு உங்கள் அம்மாவிடம் வந்தால், தொடுவதற்கு முன் சொல்லுங்கள்: "சிஸ்டர், கிளவுஸ் மாத்திட்டு வாங்களேன்." இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அப்பாவுக்கு வென்ஃப்ளான் (மருந்து ஏற்றக் கையில் குத்தி வைக்கும் சிறு குழாய்) போட்ட இடம் சிவந்து வலிக்கிறது. "நாலு நாள் வரை இருக்கலாம், நாளைக்குப் பார்ப்போம்" என்கிறார்கள்.

நாளை வரை காத்திருக்கக் கூடாது. சிவப்பு, வலி, வீக்கம், நரம்பு கயிறு போல் தடிப்பது, மருந்து ஏற்றும்போது எரிவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலே அன்றே எடுத்துவிட வேண்டும். மூன்று, நான்கு நாள் கணக்கெல்லாம் இடம் சுத்தமாக இருக்கும் கைக்குத்தான். விபத்துப் பிரிவில் அவசரத்தில் குத்தியதை இரண்டு நாளைக்குள் மாற்றிவிடுவது நல்லது. அதன் வழியே ஊசி மருந்து ஏற்றும் முன் வென்ஃப்ளான் மூடியின் வாயை ஸ்பிரிட் பஞ்சால் 15 விநாடி அழுத்தித் தேய்த்துக் காய விட வேண்டும். பிளாஸ்டர் நனைந்தாலோ ஓரம் பெயர்ந்தாலோ உடனே சொல்லுங்கள். டிரிப்ஸ் நின்ற பிறகும் "எதற்கும் இருக்கட்டும்" என்று விட்டுவைத்த வென்ஃப்ளான் கிருமிக்குத் திறந்த வாசல்.

குடலிறக்க ஆபரேஷன். முந்தின இரவு வீட்டிலேயே ஷேவ் செய்துவிட்டுப் போகலாமா?

கூடாது. பிளேடு போடும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் விடிவதற்குள் கிருமி குடியேறிவிடும். முடி இடைஞ்சலாக இருந்தால் ஆபரேஷனுக்குச் சற்று முன் கிளிப்பரால் வெட்டுவார்கள். நீங்கள் சோப்புப் போட்டுக் குளித்து, வெளுத்த துணி உடுத்திப் போங்கள். சர்க்கரை 180-க்குள் இருக்கட்டும். சிகரெட்டை ஒரு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

அம்மாவுக்கு நிமோனியா. வந்த அன்று யூரின் ட்யூப் போட்டார்கள். ஒன்பது நாளாகிறது, எழுந்து உட்காருகிறார், சாப்பிடுகிறார். ட்யூப் இருப்பது எங்களுக்கும் வசதிதான். இருக்கட்டுமா?

வேண்டாம். இந்த "வசதி" என்ற சொல்தான் வார்டுகளில் பாதித் தொல்லைக்குக் காரணம். ட்யூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றில் ஐந்து பேர் வீதம் சிறுநீரில் கிருமி சேரும். ஒரு மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் சேர்ந்துவிடும். சிறுநீர் அடைப்பு, ஐ.சி.யூ.வில் மணிக்கு மணி அளவு பார்ப்பது, சில ஆபரேஷன்கள், இடுப்புப் புண் ஆறும்வரை நனையாமல் காப்பது போன்றவற்றுக்குத்தான் ட்யூப். எழுந்து உட்காருபவருக்குக் கட்டிலோரக் கழிப்பு நாற்காலி போதும். முடியாதவருக்கு டயாப்பர். அடைப்பு இல்லாத ஆண்களுக்கு உறை போல மாட்டும் காண்டம் ட்யூப் இருக்கிறது. தினமும் ரவுண்ட்ஸில் ஒரே கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இது இன்னைக்கும் வேணுமா?" யாரும் கேட்காததால் மட்டுமே தங்கிவிடும் ட்யூப்கள் ஏராளம்.

இருந்தே தீர வேண்டுமென்றால், பை எப்போதும் மூத்திரப்பைக்குக் கீழே தொங்க வேண்டும், தரையில் படக் கூடாது. ஸ்கேனுக்குக் கூட்டிப் போகும் காட்சியைப் பாருங்கள்: ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து, முக்கால் நிறைந்த பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். பையில் வால்வு இருந்தாலும் குழாயில் நிற்கும் பழைய சிறுநீர் அப்படியே உள்ளே திரும்பும். கிளம்பும் முன் பையைக் காலி செய்து, ஸ்ட்ரெச்சரின் பக்கக் கம்பியில் தாழ மாட்டச் சொல்லுங்கள்.

மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தால் காலி செய்ய வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனி ஜக். பையின் திறப்பு ஜக்கில் இடிக்கக் கூடாது. ட்யூபும் பையும் சேரும் இணைப்பை நீங்கள் கழற்றவே கூடாது. தொடையில் பிளாஸ்டர் போட்டு ட்யூபை நிறுத்தினால் இழுபடாது. எடுப்பதற்கு முன் ட்யூபைக் கிளிப் போட்டு அடைத்து மூத்திரப்பையைப் "பழக்குவது" தேவையற்ற வேலை. கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு, சிறுநீரைப் பையிலிருந்து பிடிக்கக் கூடாது, ட்யூபில் அதற்கென உள்ள இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். காய்ச்சல், வலி ஒன்றும் இல்லாமல் சிறுநீர் கலங்கலாக இருப்பதற்காக மட்டும் ஆன்டிபயாட்டிக் கேட்காதீர்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் காய்ச்சல். என்ன மாத்திரை போடலாம்?

எதற்காகச் சேர்ந்தீர்கள், ஆபரேஷனா, ட்யூப் இருந்ததா, வந்து எத்தனை நாள், ஒன்றையும் எழுதாமல் மாத்திரை பெயர் மட்டும் கேட்கிறீர்கள். இதற்குக் கடிதத்தில் பதில் இல்லை. ஆபரேஷன் புண்ணில் தொற்று 30 நாள் வரை வெளிப்படலாம். மூட்டு, பிளேட் போன்றவை பொருத்தியிருந்தால் 90 நாள் வரைகூட. டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு உங்களுக்குச் சிகிச்சை தந்த டாக்டரிடமே இன்றே போங்கள். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கொண்டு போனால் கல்ச்சரில் கிருமி வளராமல் போகலாம். எது என்றே தெரியாமல் சிகிச்சை நடக்கும்.

பிறந்த குழந்தையைப் பார்க்க ஊரே வருகிறது. பாட்டி சேனை வைக்க வேண்டும் என்கிறார்.

சேனை வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு நச்சுக் கிருமியை ஒரு வயதுக்குட்பட்ட குடல் தாங்காது. சர்க்கரைத் தண்ணீரில் தோய்த்த விரலும் அழுக்கு விரல்தான். சீம்பால் மட்டும் கொடுங்கள். தொப்புளில் எண்ணெய், பவுடர், விபூதி எதுவும் படாமல் உலர்ந்திருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒருவர் வரட்டும், கை கழுவிவிட்டு. சளி, காய்ச்சல், உதட்டில் கொப்புளம் உள்ளவர் எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் வாசலோடு நிற்கட்டும். உதட்டுக் கொப்புளக்காரரின் ஒரு முத்தம் பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

ஆக்சிஜன் பாட்டிலில் தண்ணீர் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது, மினரல் வாட்டரும் கூடாது. ஸ்டெரைல் தண்ணீர்தான், இரண்டு கோடுகளுக்கும் நடுவில். குறைந்ததற்கு மேலேயே ஊற்றி நிரப்பக் கூடாது. பழையதைக் கொட்டி, பாட்டிலைக் கழுவி உலர்த்தி, தினமும் புதிதாக ஊற்ற வேண்டும். அதில் குமிழியிட்டு வரும் காற்று நேரே நுரையீரலுக்குப் போகிறது. அடியில் வழுவழுப்பாகப் பாசி தெரிந்தால் பாட்டிலையே மாற்றச் சொல்லுங்கள்.